'றைற்' என்றால் பஸ் திரும்பி வரும்

குறிகட்டுவானில் யாழ்ப்பாண பஸ் திரும்புகிற இடத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தெரு முடிந்து கடல் தொடங்குகிற இடம் அது. முன்னுக்கும் தண்ணீர், இரண்டு பக்கமும் தண்ணீர். அந்தச் சின்ன இடத்துக்குள் அவ்வளவு பெரிய பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பவேண்டும். டிறைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. கொண்டக்டர் இறங்கிப் பின்னுக்கு வந்து, பஸ்ஸின் முதுகில் உள்ளங்கையால் தட்டித் தட்டி, "றைற்... றைற்... றைற்..." என்று சொல்லிக்கொண்டே நடப்பார். அந்தச் சொல்லை நம்பித்தான் பஸ் கடலை நோக்கி வரும். பிறகு ஓர் இடத்தில் "ஓல்ட்!" என்று ஒரு கத்தல். அப்போது சில்லுக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஆடு படுக்க இடம் மிஞ்சும். எங்கள் கடையைச் சுற்றித் திரிந்த வெள்ளாடு ஒன்று அந்த இடத்தில் படுத்தும் இருக்கிறது.

எங்கள் தேத்தண்ணிக் கடை அதற்கு நேரே இருந்தது. நான் நயினாதீவில் பிறந்து, கலியாணம் கட்டி இந்தக் கரைக்கு வந்தவள். கடல் தாண்டிக் கட்டிக் கொடுத்துவிட்டோமே என்று என் தாய் கனநாள் அழுதார். நயினாதீவில் எங்கள் வீட்டு வளவில் நின்று பார்த்தால் இந்தக் கரையில் உலர்த்தியிருக்கிற சீலையின் நிறம் தெரியும். ஆனாலும் கடல் கடல்தானே.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மிச்சத்தை வடை சுற்ற வந்த பழைய பேப்பர்களில் படித்தேன். பேப்பர் பாதியாகத்தான் வரும். ஒரு செய்தியில் ஆர் அடித்தது என்று இருக்கும், ஆருக்கு அடித்தது என்பது கிழிந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, ஆட்களின் வாயிலிருந்து வருகிறதையாவது முழுதாகக் கேட்கவேண்டும் என்று ஓர் ஆசை எனக்குள் வந்து குந்திவிட்டது. தேத்தண்ணிக் கடையில் அதற்கு என்ன குறை? வள்ளத்துக்குக் காத்திருக்கிறவர்களுக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கும் கதைக்கிறதைத் தவிர வேறு வேலை இல்லை.

எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் 'றைற்' தெரியும். அது இங்கிலீசு என்பதுதான் கனகாலமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. குசினி, கதிரை, அலுமாரி மாதிரி அதுவும் எங்களுடைய வீட்டுச் சாமான் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு அந்த ஒரு சொல்லை மட்டும் கவனித்துப் பார்த்தேன். முதலில் கலியாணத் தரகர் ஒருவர் நெடுந்தீவு வள்ளத்திலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன அண்ணை, சம்பந்தம் எப்பிடி?" என்று என் மனிசன் கேட்டார்.

"பொடியன் றைற். சாதகம் றைற். வளவும் றைற். பொம்பிளையின்ரை தாய்தான் இன்னும் றைற்றுக்கு வரேல்லை."

அடுத்து, ஊர்காவற்றுறைப் பக்கத்து மீன்பிடிகாரர் ஒருவர். வாங்குப் பலகையில் இருந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, முதல் வாய்த் தேத்தண்ணியைக் குடித்தார். மீன்பாடு எப்படி என்று கேட்டதற்கு, "மாதாவே எண்டு பாடு றைற்" என்றார். அவருக்கு அருகில் இருந்தவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார்: "அவனுக்கு மண்டை றைற் இல்லை." அதே மனிதர் அதே வாயால் தன் பிள்ளையின் காய்ச்சல் இப்போது 'றைற்' என்றும் சொன்னார். பின்னேரம் இரண்டு சகோதரர்கள் தங்கள் எல்லை வேலிச் சண்டையைக் கடைக்குள்ளும் கொண்டு வந்தார்கள். கதை ஏறி ஏறிப் போய், மூத்தவர் தோளில் துவாயைத் தட்டிப் போட்டுக்கொண்டு எழும்பினார். "றைற். இனி வழக்குப் போட்டுக் கோட்டிலை கதைப்பம்."

என் மனிசன் மாத்திரம் குறைவா? சாப்பிட்டுக் கை கழுவினாலும் றைற். கடைக் கதவைச் சாத்தினாலும் றைற். நான் ஒரு கதையை நீட்டிக்கொண்டு போனால், "றைற் றைற் றைற்" என்று மூன்று தரம். அதற்குக் கருத்து, இனி வாயை மூடு என்பது.

நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மாஸ்ரர் ஒருவர் வாரமுடிவில் எங்கள் கடையில் இருந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் எரிந்து விழமாட்டார். அவரிடம் கேட்டேன்.

"மாஸ்ரர், இந்த றைற் எண்டால் என்ன?"

"வலக்கைப் பக்கம்."

"வலக்கையோ? அப்ப பஸ் ஏன் நேரை ஓடுது?"

"பொறும் பிள்ளை. சரி எண்டதுக்கும் அதுதான். அதோடை, உரிமை எண்டதுக்கும் அதே சொல்லுத்தான்."

உரிமை என்ற சொல் அந்த வருடங்களில் எல்லா மேடைகளிலும் முழங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வளவிலும் கூட்டம் நடக்கும். ஒலிபெருக்கியில் அந்தச் சொல் மட்டும் காற்றோடு வந்து கடைக்குள் விழும். என் மனிசன் உள்ளே இருந்து சிரித்தார்.

"அப்ப மாஸ்ரர், எங்கடையாக்கள் மேடையிலை நிண்டு கத்திறதும், இவன் பஸ்ஸுக்குப் பின்னாலை நிண்டு கத்திறதும் ஒண்டோ?"

மாஸ்ரர் தேத்தண்ணியை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "சொல்லு ஒண்டுதான். ஒரு வித்தியாசம் இருக்கு. இவன் கத்தினால் பஸ் எண்டாலும் நகருது."

வலக்கையும் சரியும் ஒரே சொல்லுக்குள் இருப்பது எனக்குப் புதினமாகப் படவில்லை. நாங்களும் வலது காலை எடுத்து வைத்துத்தானே வீட்டுக்குள் வருகிறோம். கொடுத்தால் வலக்கையால் கொடுக்கிறோம். வலதும் நல்லதும் எங்களுக்கும் அயல் வீடுதான். எனக்கு விளங்காதது வேறு. 'சரி' என்ற நல்ல தமிழ்ச் சொல் கைவசம் இருக்க, எங்கள் ஆட்கள் ஏன் இந்தச் சொல்லை இப்படிக் கட்டிப் பிடித்தார்கள்? மாஸ்ரருக்கும் அது தெரியவில்லை. "யோசிக்கவேண்டிய விசயம்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

நெடுந்தீவு வள்ளம் ஓட்டுகிற தண்டையலிடம் கேட்டால், வள்ளத்தில் நின்றுகொண்டு 'சரி' என்று சொல்லக்கூடாது, வள்ளம் சரிந்துபோகும் என்றார். அது பகிடி. அவர் எதைக் கேட்டாலும் ஒரு பகிடி வைத்திருப்பார்.

எனக்கு வந்த எண்ணம் வேறு. எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்லமாட்டார். 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்பார். வீட்டில் நிற்பவர் 'போ' என்று சொல்லமாட்டார். 'போட்டு வாங்கோ' என்பார். வருகிறதையும் அதற்குள் கட்டிவைத்துத்தான் அனுப்புவோம். வெளிக்கிட்ட ஆளை எங்கே போகிறாய் என்று ஆரும் கேட்டுவிட்டால் திரும்பி வந்து இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவார். இப்படிப்பட்ட ஆட்கள் ஒரு பஸ்ஸைப் பார்த்து என்ன சொல்லுவது? அதுவும் கடற்கரையில் நின்றுகொண்டு? 'போ' என்று சொல்ல வாய் வராது. பஸ்ஸுக்குப் 'போட்டு வா' என்று சொன்னால் சனம் சிரிக்கும். அந்த நேரத்தில் ஆரோ இந்தச் சொல்லைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். நல்லதும் இல்லாத, கெட்டதும் இல்லாத ஒரு சொல். பிடித்துக்கொண்டோம்.

இந்த எண்ணம் எனக்குத் தானாக வரவில்லை. அக்காவால் வந்தது.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் அல்ல. எங்கள் கடைக்கு வடை சுட்டவர். வீடு தெருவுக்கு அங்கால்ப் பக்கம். விடியமுன் ஊறின உழுந்தோடு வந்து, கடைக் குசினியில் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் இருந்துவிடுவார். ஒரு மகன், படிக்கிற பொடியன். மனிசன் இல்லை. இல்லை என்றால் செத்தார் என்றும் ஆரும் சொல்லுவதில்லை, இருக்கிறார் என்றும் சொல்லுவதில்லை. அக்கா தாலியைக் கழற்றவில்லை. பூவும் வைப்பதில்லை.

அவரோடு வேலைசெய்து கனகாலத்துக்குப் பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அந்த வெள்ளாடு அடிக்கடி குசினி வாசலுக்கு வந்து உழுந்து மாவில் வாய் வைக்கப் பார்க்கும். நான் என்றால் 'போ சனியன்' என்று கலைப்பேன். அக்கா "அங்காலை நட!" என்பார். கோழியை "சூ" என்பார். பால் திரைந்தால் நாங்கள் கெட்டுப்போச்சு என்போம். அவர் "கெட்டிட்டுது" என்பார். "பஸ் போட்டுதோ அக்கா?" என்று கேட்டால், "வெளிக்கிட்டிட்டுது." ஆட்கள் "போட்டு வாறம் அக்கா" என்று குசினிப் பக்கம் தலையை நீட்டிச் சொன்னால், "ம்... வாருங்கோ."

அந்த மனிசியின் வாயில் 'போ' என்ற சொல்லே இல்லை!

எனக்கு ஏதோ புதையல் எடுத்த மாதிரி இருந்தது. பொறி வைக்கத் தொடங்கினேன். "உங்கடை மகன் எங்கை அக்கா?" "பள்ளிக்கூடத்திலை." அவன் அப்போதுதான் புத்தகத்தோடு கடை வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான். "இப்ப இஞ்சை இருந்த ஆள் எங்கை?" "இஞ்சை இல்லை." எந்தப் பக்கத்தால் வளைத்தாலும் வழுவிவிடுவார், நண்டு வளைக்குள் இறங்குகிற மாதிரி. இதென்ன பெரிய வேலையா என்று ஒரு காலமை நானும் முயற்சி செய்து பார்த்தேன். தண்ணீர் கொதிக்க முதலே தோற்றுப்போனேன். பாருங்கள், இதை எழுதும்போதும் வந்துவிட்டது.

வாடைக்காற்று அடித்து வள்ளம் ஓடாத ஒரு நாள். கடையில் ஆள் இல்லை. குசினியில் நானும் அவரும். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டீங்களோ?"

"கவனிச்சிட்டீர் போலை."

"கவனிச்சனான்."

அவர் வடையின் நடுவில் விரலால் ஓட்டை போட்டு, தாச்சிக்குள் வழுக்கிவிட்டார். எண்ணெய் இரைந்தது. அந்த இரைச்சல் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

அவருடைய மனிசன் பாய்த்தோணியில் அக்கரைக்கு வியாபாரத்துக்குப் போகிறவர். ஒரு நாள் காலமை இரண்டு பேருக்கும் ஏதோ வாய்த்தர்க்கம். குழம்புக்கு உப்பில்லை என்பதில் தொடங்கியது. அவர் படியில் நின்று "போட்டு வாறன்" என்று சொல்லியிருக்கிறார். இவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"போட்டு வாங்கோ எண்டு சொல்லியிருக்கவேணும். 'போ' எண்டனான். அவ்வளவுதான் பிள்ளை. ஒரு எழுத்து."

அன்றைக்கு இந்தக் கரையிலிருந்து வெளிக்கிட்ட மற்றத் தோணி திரும்பி வந்தது. அவருடைய தோணி வரவில்லை. பலகை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை.

"என்ரை நாக்கு கரிநாக்கு."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. காத்துக்கும் கடலுக்கும் உங்கடை நாக்கைத் தெரியுமோ?"

"தெரியாமல் இருந்தால் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, வடையைப் புரட்டிப் போட்டார்.

அதற்குப் பிறகு நான் பொறி வைக்கவில்லை. என் மனிசனுக்கும் சொல்லி வைத்தேன். குசினிப் பக்கத்தில் எங்கள் எல்லாருடைய வாயிலும் அந்தச் சொல் கொஞ்சம் குறைந்தது. கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்களுக்கும் எப்படியோ கதை தெரிந்துவிட்டது. இறங்குதுறையில் எதுதான் தெரியாமல் இருக்கும்?

எழுபதுகள் பாதி தாண்டியபோது மகன் பெரிய ஆளாகிவிட்டான். வள்ளத்து எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுகிறதில் கெட்டிக்காரன். எங்கள் தீவுப் பக்கத்துப் பொடியன்கள் ஒவ்வொருவராகக் கப்பலுக்குப் போகத் தொடங்கிய காலம் அது. இவனுக்கும் ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை கிடைத்தது. காலமை பஸ்ஸில் யாழ்ப்பாணம், அங்கிருந்து றெயினில் கொழும்பு, பிறகு கப்பல். கப்பல் ஆளுக்காக நிற்காது என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

கடல் வேலை வேண்டாம் என்று அக்கா ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிசயம். பயத்தம் பணியாரம் சுட்டார். மிளகாய்த்தூள் இடித்து டின்னில் அடைத்தார். சேர்ட் எல்லாம் தோய்த்து மடித்தார். கை ஓடிக்கொண்டே இருந்தது. வாய்தான் வரவரக் குறைந்தது.

வெளிக்கிட முதல்நாள் பின்னேரம் மகன் கடைக்கு வந்து என் முன்னால் நின்றான்.

"சித்தி, எனக்கு அந்தப் பணியாரம் ஒண்டும் வேண்டாம். 'போட்டு வா' எண்டு அம்மா ஒருக்காச் சொன்னால் காணும்."

"அவவுக்கு ஏலாது எண்டு உனக்குத் தெரியும்தானே மோனை."

"தெரியும். பிறந்ததிலையிருந்து தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் 'நேரமாச்சு' எண்டுதான் அனுப்பினவ. தரையிலை திரியிறவனுக்கு அது காணும். அப்பா ஒரு நல்ல சொல் இல்லாமல் கடல்லை இறங்கினவர். நானும் அப்பிடி இறங்கமாட்டன். சொல்லாட்டி நான் நிக்கிறன். கப்பல் வேண்டாம்."

அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. தாயின் பயம் அவனுக்குள்ளும் இறங்கியிருந்தது, வேறு பக்கத்தால். தாய் சொன்னால் ஆள் வராது என்று தாய் நினைத்தார். தாய் சொல்லாவிட்டால் தான் வரமாட்டேன் என்று மகன் நினைத்தான். இதற்குள் நான் என்ன செய்ய? போய் அக்காவிடம் சொன்னேன். ஆட்டுக்கல் நிற்கவில்லை.

"எனக்கு ஏலாது பிள்ளை."

அடுத்த நாள் காலமை. இரவு தங்கின பஸ்தான் முதல் பஸ். கொண்டக்டர் வேலணைப் பக்கத்து ஆள், கட்டை, பெரிய தொண்டை. அவர் 'றைற்' என்றால் நயினாதீவில் நாய் குரைக்கும் என்று என் மனிசன் சொல்லுவார். பஸ் திருப்பியாச்சு. சனம் ஏறியாச்சு. மகன் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, ஒரு கால் புட்போட்டிலும் ஒரு கால் நிலத்திலுமாக நின்றான். கண் எங்கள் குசினி வாசலில். உள்ளே அக்கா அடுப்புக்கு முன்னால், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடை சுட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு நாளும் இல்லாத அளவு மா அரைத்திருந்தார்.

டிறைவர் ஹோர்ன் அடித்தார். கொண்டக்டர் வாயைத் திறந்தார்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்றான் மகன்.

"என்ன, ஆருக்கு நிக்கிறம்?" என்று உள்ளிருந்து ஒரு குரல். "எனக்குக் கச்சேரியிலை காணிக் கடுதாசி அலுவல்!"

"கச்சேரி உமக்காகத் திறந்து வைச்சிருக்கேல்லை. இரும்" என்று ஒரு மனிசி அடக்கினார். "தாய்க்காரி ஒரு சொல் சொல்லட்டும்."

"சொல்லுறதை முதலே சொல்லி முடிக்கிறதுக்கென்ன?"

"உமக்கு உம்மடை தாய் முதலே சொல்லியிருந்தால் நீர் இப்பிடி இருப்பீரோ?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு. மகன் சிரிக்கவில்லை. பெட்டியின் கைப்பிடியில் மறுபடி கை வைத்தான். அதைக் கொண்டக்டர் கண்டார். அவருக்கும் கதை தெரியும். தலையைச் சொறிந்துகொண்டு குசினி வாசலுக்கு வந்து நின்றார். நான் அங்கேதான் நின்றேன்.

"அக்கா, அவன் ஏறுறான் இல்லை."

"தம்பி, நான் சொன்னால் என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியும்."

"சொல்லாட்டி என்ன நடக்கும் எண்டும் தெரியும். பெட்டியை இறக்கப்போறான்."

அக்காவின் கை நின்றது. எண்ணெய்க்குள் வடை தன்பாட்டில் பொரிந்தது. பிறகு திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, நீர் பஸ்ஸை அனுப்பச் சொல்லுவீரே ஒரு சொல்லு."

"எது, றைற்றோ?"

"ஓம். ஒரு நாளைக்கு எத்தினை தரம் சொல்லுவீர்?"

"அதை ஆர் அக்கா எண்ணினது? ஒவ்வொரு இறக்கத்துக்கும் சொல்லத்தானே வேணும்."

"எவ்வளவு காலமாச் சொல்லுறீர்?"

"வேலைக்குச் சேந்த நாளிலையிருந்து."

"நீர் சொல்லி வெளிக்கிட்ட பஸ் எப்பவாவது திரும்பி வராமல் விட்டதோ?"

கொண்டக்டர் என்னைப் பார்த்தார். அவர் நேர்மையான மனிதர். யோசித்தார்.

"ஒருக்கா அச்சு முறிஞ்சு வேலணையிலை நிண்டது."

"பிறகு?"

"அடுத்த நாள் கட்டி இழுத்து வந்தவங்கள்."

"வந்ததெல்லோ?"

"வந்தது அக்கா. வராமல் எங்கை போறது?"

அக்கா தாச்சியைத் தூக்கி அடுப்பால் இறக்கி வைத்தார். இருந்த வடைகளை அகப்பையால் வடித்து எடுத்தார். பஸ் காத்து நிற்கிறது, அவருக்கு வடை கருகக்கூடாது என்கிற நினைவு. பிறகு மா ஒட்டின கையோடு வெளியில் வந்தார். மகன் நிலத்தில் இருந்த காலை இன்னும் எடுக்கவில்லை. அக்கா அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, நேரே பஸ்ஸின் பின்பக்கம் நடந்தார். சனம் யன்னல்களால் தலையை நீட்டியது.

கொண்டக்டர் செய்கிற மாதிரியே, பஸ்ஸின் முதுகில் உள்ளங்கையால் ஒரு அடி. உழுந்து மா கை அடையாளமாக ஒட்டிக்கொண்டது.

"றைற்" என்றார்.

சத்தம் அவருடைய தொண்டையைத் தாண்டவில்லை. பஸ் அசையவில்லை.

"காணாது அக்கா" என்றார் கொண்டக்டர். "எங்கடை டிறைவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"ஆருக்கடா மந்தம்?" என்று முன்னாலிருந்து டிறைவர்.

"பாத்தீங்களோ, தேவையில்லாததுதான் கேக்கும்."

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அக்காவுக்கு உதவி செய்தது என்று நான் நினைக்கிறேன். அவர் மூச்சை இழுத்தார். மறுபடி அடித்தார்.

"றைற்!"

இருபது வருடமாக அடைத்து வைத்திருந்த குரல். கடலில் இருந்த கொக்குகள் எழும்பின. டிறைவர் கியரைப் போட்டார். பஸ் குலுங்கி வெளிக்கிட்டது. கொண்டக்டர் ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டார். மகன்? அவனுடைய கால் நிலத்தை விட்டு எழும்பியதை நான் கண்டேன். யன்னலால் தலையை நீட்டி, கையை ஆட்டாமல், ஒன்றே ஒன்று சொன்னான்.

"றைற் அம்மா!"

தெருவில் புழுதி அடங்கும்வரை அக்கா அங்கேயே நின்றார். பிறகு என்னிடம், "வடை எடுத்து வையும். வள்ளத்துச் சனம் வரப்பார்க்குது" என்றார்.

பின்னேரத்தில் அவர் ஒருநாளும் கடைக்கு வருவதில்லை. அன்றைக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, வாங்கில் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. திருப்பும்போது அதன் முதுகு எங்கள் பக்கம் வந்தது. இரண்டு கை அடையாளமும் காய்ந்து வெள்ளையாக அப்படியே இருந்தன. கொண்டக்டர் "ஓல்ட்!" சொல்லிவிட்டு, நேரே வாங்கடிக்கு வந்தார்.

"அக்கா, கொண்டந்து விட்டிட்டன்."

"பஸ்ஸை."

"ஓம், பஸ்ஸை. மற்றதைக் கப்பல் கொண்டரட்டும்."

அடுத்த மழை வரும்வரை அந்த அடையாளத்தைக் கொண்டக்டர் கழுவ விடவில்லை. டிப்போவில் கேட்டவர்களுக்கு என்ன சொன்னாரோ தெரியாது.

அதற்குப் பிறகு அக்காவின் வாயில் 'றைற்' நிரந்தரமாகக் குடியேறியது. கோழிக்கும் றைற். கடையிலிருந்து வெளிக்கிடுகிற ஆட்களுக்கும் குசினிக்குள்ளிருந்து றைற். "அக்காவுக்கும் பஸ்ஸிலை வேலை கிடைச்சிட்டுதோ?" என்று தண்டையல் கேட்டார். மகனிடமிருந்து படம் போட்ட அட்டைகள் வந்தன. பாலைவனம், பெரிய பாலம், பனி மூடின ஒரு கோயில். நான்தான் வாசித்துக் காட்டுவேன். எல்லாவற்றிலும் சுகம் கேட்டிருப்பான். எப்போது வருகிறான் என்பது ஒன்றிலும் இல்லை. அட்டை வராத மாதங்களில் அக்கா பின்னேர பஸ்ஸுக்கு வந்து வாங்கில் இருப்பார். பஸ் திரும்பியதும் எழும்பிப் போவார்.

அவன் வந்தது ஒரு பின்னேர பஸ்ஸில். பூப்போட்ட சேர்ட், கறுத்து மெலிந்த முகம், இரண்டு கையிலும் பெட்டி. கொண்டக்டர் அவனை இறக்கி விட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக் கத்தினார், வேறென்ன, அதே சொல்லைத்தான். அக்கா அழவில்லை. "மெலிஞ்சு நிக்கிறாய்" என்றார், அவ்வளவுதான். குசினிக்குள் கூட்டிப் போய், ஆறிய அடுப்பை மறுபடி மூட்டினார். அவன் குசினி வாசலில் காலை நீட்டி இருந்து, வாய் நிறைய வடையை வைத்துக்கொண்டு, எங்கேயோ ஒரு துறைமுகத்தில் குரங்கு ஒன்று கப்பலில் ஏறின கதையைச் சொல்லத் தொடங்கினான். என் மனிசன் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் கதையை வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும் தாச்சியை மறந்து அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளாடு பின்வாசலால் வந்து மாச் சட்டிக்குள் தலையை விட்டது.

"போ! போ அங்காலை, சனியன்!"

கத்தினது நான் இல்லை, அக்கா. என் மனிசனின் கை அந்தரத்தில் நின்றது. மகன் வடையை மெல்லுவதை நிறுத்தினான். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மகனைப் பார்த்தார். அவன் அங்கேதான் இருந்தான். காலை நீட்டிக்கொண்டு, சொண்டில் எண்ணெயோடு.

ஆடு வாசல்வரை ஓடியது. நின்று யோசித்தது. பிறகு குசினியைச் சுற்றி மற்றப் பக்கத்தால் வந்து, பழையபடி சட்டிக்குள் தலையை விட்டது.

அக்கா வாயிலிருந்து கையை எடுத்தார்.

"பாரும் பிள்ளை" என்றார் என்னிடம். "திரும்பி வந்திட்டுது."